பூட்டிக் கிடந்த பிஷப்

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெரால்டின் ஜெயித்தால் மாவட்ட மகளிர் அணியில் இடம் உண்டு. டிரா செய்தால்கூடக் கிடையாது. மூன்று வருடமாக மயிரிழையில் தவறிப்போன இடம். ஹடப்சரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார் அவள் புருஷன் ஹெர்பர்ட். பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது. மனுஷனைக் கட்டிப்போட வேறென்ன வேண்டும்?

கறுப்பு ஆடிய ஜெரால்டினின் பிஷப் ஒன்று, இருபது நகர்த்தல் ஆகியும் வைத்த கட்டத்திலேயே குத்துக்கல்லாக இருந்தது. வழியை மறித்தது எதிராளியின் காய்கூட இல்லை, அவளுடைய சொந்தச் சிப்பாய். எதிரே கல்லூரிப் பெண் தேஜஸ்வினி நிம்மதியாகச் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

வழி ஒன்று இருந்தது. அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, வெட்டுக் கொடுத்துவிட வேண்டும். சிப்பாய் போனால் போகிறது, குறுக்குப் பாதை திறந்து பிஷப் தேஜஸ்வினியின் ராஜா வாசல்வரை பாயும். ‘தள்ளு, தள்ளிவிடு’ என்று ஹெர்பர்ட் மனசுக்குள் மன்றாடினார்.

பதினெட்டு நிமிடம் யோசித்தபின் அவள் கை எழுந்தது. நேராக அந்தச் சிப்பாயின் மேலே வந்து, தொடாமல் நின்றது. ஹெர்பர்ட்டுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்தா தொண்டை கரகரக்க வேண்டும்? காலையில் பஸ்ஸில் விழுங்கிய ரோட்டுத் தூசி. வாயைப் பொத்தினார், மூச்சை அடக்கினார். ஒன்றும் பலிக்கவில்லை, இருமிவிட்டார்.

இங்கே ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். தேஹு ரோடு வீட்டில் சாயங்காலம் இருவரும் ஆடும்போது, அவள் தப்பான காயை எடுக்கப் போனால் ஹெர்பர்ட் லேசாக இருமுவார். எதிராளியாக உட்கார்ந்துகொண்டு செய்கிற காரியமா இது? ஆனாலும் செய்வார். அவளும் கையை இழுத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

இங்கேயும் இழுத்துக்கொண்டாள். யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

‘ஐயோ, அது வெறும் இருமல்’ என்று கத்த வேண்டும்போல இருந்தது அவருக்கு. கத்தினால் ஆட்டமே பறிபோகும். கையைப் பிசைந்துகொண்டு ஒரு மணி நேரம் நின்றார். பிஷப் கடைசிவரை வெளியே வரவில்லை. ஜெரால்டின் தோற்றாள்.

வீடு திரும்பும் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் காந்த போர்டை மடியில் விரித்து, அதே நிலையை அடுக்கினாள்.

“நீங்க இருமுனதும் கை தானா வந்துட்டு. தப்புதான். ஆனா அங்க என்ன பாத்தீங்க? கட்கி ஸ்டேஷன்லருந்து தேடுதேன், ஒண்ணும் சிக்க மாட்டேங்கு.”

குதிரை ஏதோ வரும் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். ஆனால் அவள் அதையும் ஆடிப் பார்ப்பாளே! உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார். பாழாய்ப்போன இருமல்தான் வந்தது.

சிப்பாயைத் தள்ளப்போன ஜெரால்டினின் விரல் அந்தரத்தில் நின்றது.

“இதுவும் தப்பா?”

“இல்ல ஜெரி. தொண்ட.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். “அங்கயுமா?”

ஹெர்பர்ட் தலையாட்டினார்.

அவள் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். பிஷப்பை எடுத்து, திறந்த பாதையில் வெளியே கொண்டுவந்து வைத்தாள்.