ஓரகத்தி என்ற சொல்

பெரியவள் அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். புதிய பதிப்புக்காக, இன்று யாரும் பேசாத சொற்களுக்குப் பக்கத்தில் 'வழக்கொழிந்தது' என்று குறிப்பது அவள் வேலை. சொல்லை யாரும் நீக்குவதில்லை. அது பாட்டுக்கு இருக்கும். கூப்பிடத்தான் ஆள் இருக்காது.

வீட்டில் அவள் நிலைமையும் அப்படித்தான் ஆகியிருந்தது. கொழுந்தனுக்குக் கல்யாணமாகும் வரை மாமனார் வாயைத் திறந்தாலே 'பெரியவளே'தான். "நான் என்ன மனுஷியா, மிஷினா?" என்று அவளும் அலுத்துக்கொள்வாள். சின்னவள் வந்த பிறகு வீடு முழுக்க 'சின்னவளே' என்றே கேட்டது. அன்று காலை பழக்கதோஷத்தில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தோடு போனவளிடம் மாமனார், "நீ ஆபீசுக்குக் கெளம்பும்மா. சின்னவ விட்டா எரியறதே இல்ல" என்றார்.

இவளுக்கு எரிந்தது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் அலுவலகத்தில் உட்கார்ந்தாள். 'ஓ' வரிசை ஓடிக்கொண்டிருந்தது. 'ஓரகத்தி: கணவனுடைய சகோதரனின் மனைவி.' பேனா தானாக இறங்கியது: வழக்கொழிந்தது.

மதியம் அகராதியின் ஆசிரியர் கூப்பிட்டார். "ஓரகத்தி எப்பம்மா செத்தா?"

"இப்பல்லாம் யாரு சார் அப்படிச் சொல்றா? கோ-சிஸ்டர்னுதான் சொல்றாங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் சின்னவள் மூச்சிரைக்க நின்றாள். "அக்கா, போனை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்க."

"நீங்க யாரும்மா?" என்றார் ஆசிரியர்.

"இவங்க ஓரகத்தி சார்."

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவள் 'வழக்கொழிந்தது' என்ற குறிப்பை அடித்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் சின்னவளுக்கு டீ வரவழைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இவளை ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டதில்லை அந்த மனுஷன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது சின்னவள் மெல்ல ஆரம்பித்தாள். "அக்கா, என்னால முடியல. குளிக்கப் போனாக்கூட மாமா கதவத் தட்டறாரு. காலைல அந்த மருந்த மட்டுமாவது நீங்க விடறீங்களா?"

"நான் விட்டா எரியுதாமே."

"விட்டாத்தானே எரியும்? எனக்குக் கண்ணப் பாத்தாலே கை நடுங்குது. மூடியத் தொறக்காமலே பாட்டில நீட்டிட்டு, அவ்ளோதான் மாமா, கண்ண மூடிக்கங்கன்னுடுவேன்."

பெரியவள் நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். உடனே, "அடிப்பாவி! அவர் கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று அதட்டினாள்.

மறுநாள் காலை மாமனாரின் இமையை அவளே விரித்துப் பிடித்தாள்.

"ஐயோ, எரியுதே! சின்னவளே!"

இப்போதும் அந்தப் பெயர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த கண்ணுக்கும் விட்டாள்.