காப்பிக்கொட்டையிடம் சொன்னது

மேட்டுத் தோட்டத்துக் காப்பியைக் குடித்தவர்களுக்கு, கொட்டை காய்ந்த நாட்களில் அங்கே பேசிய பேச்சு முழுவதும் காதில் கேட்டது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. எல்லாக் காப்பியும் அப்படித்தான். எண்பது தோட்டத்துக் கொட்டையைக் கிடங்கில் ஒரே குவியலாகக் கலந்த காலத்தில் எண்பது வீட்டுப் பேச்சும் சேர்ந்து வெறும் இரைச்சலாகக் கேட்டது. குடித்தவர்கள் அதை வயிற்றுப் பொருமல் என்று நினைத்துக்கொண்டார்கள். நகரத்திலிருந்து வந்த சுவை பார்ப்பவர், இனி தோட்டத்துக்குத் தோட்டம் தனி மூட்டை, ஒரு பிடிகூடக் கலக்கக் கூடாது என்று சொன்ன வருஷம்தான் வார்த்தைகள் பிரிந்து கேட்கத் தொடங்கின.

மேட்டுத் தோட்டம் ஒன்றரை ஏக்கர். கணவனும் மனைவியுமாகப் பழம் பறித்து, தோல் உரித்து, கழுவி, வலை அடித்த மேசைகளில் பரப்பி, மணிக்கு ஒரு தரம் கையால் புரட்டுவார்கள். மனைவிக்கு வாய் ஓயாது. வானம் கறுத்த பிறகும் தார்ப்பாயை மூடாமல் நின்ற கணவனை ஒருநாள் அவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அன்று காய்ந்த மூட்டையில் முதல் கரண்டியை உறிஞ்சிய சுவை பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சரிங்கம்மா, இதோ மூடிடறேன்" என்றார். பிறகு பையில் ஒட்டும் சீட்டுக்காக ஆரஞ்சுத் தோல், வெல்லம், முடிவில் லேசான திட்டு என்று எழுதிக்கொண்டார். அந்தக் காப்பிக்கு நகரத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், அதுவும் தனியாக வசிப்பவர்கள். விஷயம் தெரிந்து வெட்கப்பட்ட மனைவி, ஒரு வாரம் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு புரட்டினாள். மூட்டை திரும்பி வந்தது. "இதுல ஆளே இல்லையேம்மா" என்றார் சுவை பார்ப்பவர். துணியை அவிழ்த்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

கணவன் அதிகம் பேசாதவன். தானே பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்ட மகளிடம், மூன்று வருஷத்துக்கு முன்பு, "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டான். அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், ஏறவில்லை. அதன் பிறகு அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். வாய் ஓயாத மனைவிகூட அந்த ஒன்றை மட்டும் தொடப் பயந்தாள். கோபமெல்லாம் என்றோ போய்விட்டது. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்றுதான் பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

இந்த வருஷப் பறிப்பின்போது மனைவி பல்வலியில் மூன்று நாள் படுத்துவிட, ஒரு மேசையை அவன் தனியாகப் புரட்டினான். அந்த மூட்டை கப்பலேறப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள். பாஷை தெரியாத ஊரில் எவன் காதில் விழுந்தால் என்ன என்று அவனுக்குத் துணிச்சல் வந்தது. குனிந்து கொட்டையிடம் சொன்னான்: "கண்ணு, அப்பா அன்னைக்குப் பேசினது தப்பு. சொன்ன மறு நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. அம்மா கடைக்குப் போற நேரத்துல உன் ரூமைப் பெருக்கி வைக்கிறேன். அவளுக்குத் தெரியாது." மூன்று நாளும் இதையேதான் சொன்னான்.

கப்பலேறும் பைக்கும் சீட்டு அச்சடித்தாக வேண்டும் என்பது அவன் யோசிக்காத விஷயம். சுவை பார்ப்பவர் அச்சகத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு பிளாஸ்க் காப்பியும் கொண்டுபோவார்; குடிக்காமல் சீட்டுக்கு நிறம் பொருந்தாது என்பது அவர் கட்சி. அங்கே கம்ப்யூட்டரில் சீட்டு வடிவமைப்பவள் அந்த மகள். முதல் வாயிலேயே அவள் கை நின்றுவிட்டது. மூடி மூடியாக ஊற்றிப் பிளாஸ்க்கைக் காலி செய்தாள். என்னம்மா ஆயிற்று என்று அவர் விசாரித்தார். "எங்க அப்பா" என்று சொல்லிவிட்டு, தன் கணவனுக்குப் போன் போட்டு, "நல்ல சட்டையா போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்றாள்.

கடைசிப் பறிப்பு காய்ந்துகொண்டிருந்த மத்தியானம் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அப்பா மகளைப் பார்த்தார், கையிலிருந்த கொட்டையைப் பார்த்தார்.

"கப்பலுக்குன்னு சொன்னாங்களே" என்றார்.

"வழியில நான் குடிச்சிட்டேன்பா."

விஷயத்தைக் கேட்ட அம்மா சிரித்து, அழுது, பிறகுதான் ஆரம்பித்தாள். "மூணு வருஷமா என்கிட்ட சொல்ல வாய் வரல, கொட்டைகிட்ட சொல்ல மட்டும் வந்துச்சா உங்களுக்கு?" பொழுது சாயும்வரை அது ஓயவில்லை. மற்ற மூன்று பேரும் புரட்டிக்கொண்டேதான் கேட்டார்கள்.

அந்த மேசைக் காப்பியில் நான்கு பேர் பேசுகிறார்கள். மருமகன் மட்டும் கூச்சக்காரன். அவன் குரல் கேட்க இரண்டாவது கப் குடிக்க வேண்டும்.