பூட்டாத கதவு

தங்கப்பன் கோடாலியை ஓங்கி இறக்கியபோது பலாக்கொம்பிலிருந்து சில்லுக்குப் பதிலாகத் தண்ணீர்தான் தெறித்தது. உள்ளே அம்மையின் காலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த பிரேமகுமாரி அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்தாள்.

"அப்பா, அது எரியாது."

"தெரியும் பிள்ளே. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அம்மை சரசம்மா விடியற்காலையில் இழுப்பு முற்றி இறந்துபோனாள். ஆடி பிறந்ததிலிருந்து சாரல் விடவில்லை. போதாததற்கு, தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் பஸ் இல்லை, விறகுக்கடை அடைப்பு. முக்கு ரோட்டில் போலீஸ் வண்டி நின்றது. நாலைந்து பேர் சேர்ந்து நடந்தாலே லத்தியை எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல் வரை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பின்பக்கம் மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்து வரப்பில் இரண்டு பெண்கள் தலையில் சாக்குடன் வழுக்கி வழுக்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் சத்யபாமா. அம்மையோடு அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொல்லாங்கொட்டை உடைத்தவள். சாக்கை இறவாரத்தில் இறக்கி, மேலே சுற்றியிருந்த பாளையை விலக்கினாள். உள்ளே காய்ந்த தேங்காய்ச் சிரட்டை.

"ரோட்டு வழி வரல்ல மக்கா. ரெண்டு ரெண்டு பேரா வாறோம். பொறத்தால இன்னும் ஆளு உண்டு."

"எல்லாருமா மாமி?"

"சரசக்கா செத்தா வராம இருப்பமா? அம்மை ஒண்ணும் சொன்னதில்லியா உனக்கு?"

அம்மை சொன்னதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலுக்குள் நுழையுமுன் வெளியே போக வழி எந்தப் பக்கம் என்று பார்க்கிறவள் அவள். விளக்கைப் பாய்க்குப் பக்கத்தில் வைக்க விடமாட்டாள். அரிவாளின் வாயைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். இந்த முன்ஜாக்கிரதையைக் கண்டு பிரேமகுமாரி எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறாள்.

சத்யபாமா ஈர முடியை முடிந்துகொண்டே சொன்னாள். அண்டி ஆபீஸ் அப்போது ஓலைக் கூரை. பெண்கள் பருப்பை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வேலை நேரத்தில் இருந்த ஒரே கதவையும் வெளியே பூட்டிவிடுவார்கள். வறுக்கிற உருளை கூரைக்குக் கீழேயே இருந்தது. கொட்டைத் தோட்டின் எண்ணெய் சொட்டிச் சொட்டித் தரையெல்லாம் பிசுக்கு. எல்லாரும் தினமும் அதை மிதித்துத்தான் நடந்தார்கள். சரசம்மா வேலைக்குச் சேர்ந்த அன்று கொஞ்ச நேரம் நின்று உருளையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். மேஸ்திரி ராஜதாசிடம் போய், "இங்க தீப்பிடிச்சா நாங்க எது வழி ஓடணும்?" என்று கேட்டாள்.

"இதுவரை பிடிக்கல்லியே, பின்ன என்ன பயம்ணு அவரு சிரிச்சாரு. இவ வெளிய எறங்கி மாமரத்துக்குக் கீழ மூட்டுல இருந்திட்டா. கதவு தொறந்து கெடந்தா சோலிக்கு வாறேன், இல்லேண்ணா இல்லைண்ணு. மறுநாளு நானும் போயி இருந்தேன். பெறவு பாதி ஆபீசும் மரத்து மூட்டுல ஆக்கும்."

கடைசியில் பூட்டை எடுத்தார்கள். வாசலில் ஒரு காவல்காரனை உட்கார வைத்தார்கள். அந்த மழைக்காலம் கழிந்து வெயில் ஏறியபோது, உருளையிலிருந்து தீ துள்ளித் தோட்டுக் குவியலில் விழுந்தது. அங்கிருந்து கூரைக்கு ஏறியது. கூரை முழுக்க இடிந்து விழுவதற்குள் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே நின்றார்கள்.

"முடி கரிஞ்சுது, அவ்வளவுதான்" என்றாள் சத்யபாமா.

மதியத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஓலைக்கொடி, தென்னந்தொண்டு, காய்ந்த மட்டை, ஒருத்தி தன் வீட்டுப் பழைய கட்டிலின் காலைக்கூடக் கொண்டுவந்திருந்தாள். தாலுகா தமிழ்நாட்டோடு போகவேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் அதில் இருந்தார்கள். வேலை இடத்தில் அதற்காகப் பேச்சு நின்றுபோனவர்களும் இருந்தார்கள். ஒரே சாக்கை இருபுறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தைக் கண்டு இடைவழியில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சத்யபாமா எதிரே போய் மலையாளத்தில் சொன்னாள்.

"மரிச்ச வீடாணு சாரே."

"இத்ரயும் பேரோ? ஆராணு மரிச்சது?"

"ஞங்ஙளுடெ கூடெ சோலி செய்த ஒருத்தி."

அவர் திண்டில் ஏறி நின்று, நனைந்த பெண்களையும் அடுக்கிய சிரட்டையையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறினார். மறுபடி போட்டுக்கொள்ளாமலே திரும்பி நடந்தார்.

கடைசியாக ராஜதாஸ் வந்தார். சுமை தூக்கிப் பழகாத ஆள், தோளில் மாவிறகுக் கட்டோடு மூச்சு வாங்க நின்றார். தங்கப்பன் எழுந்துபோய்க் கட்டை இறக்கினார்.

"எனக்க பெஞ்சாதி அண்ணைக்கு உள்ள இருந்தா அண்ணே" என்றார் ராஜதாஸ். "எங்க பிள்ளைய மூணும் அதுக்குப் பெறவு பெறந்ததாக்கும்."

தங்கப்பன் ராஜதாசின் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

தெற்குப் பக்கம் சிதை அடுக்கி, தகரத்தை உயர்த்திப் பிடித்து மழையை மறைத்தார்கள். தங்கப்பன் கொள்ளி வைத்தார். சிரட்டை சடசடவென்று பற்றிக்கொண்டது.

வேலை முடிந்ததும் பெண்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். பிரேமகுமாரி வாளியை இறக்கித் தண்ணீர் கோரினாள். ஒவ்வொருத்தியாகக் குனிந்து கைகளை நீட்டினார்கள். கொட்டைப்பால் பட்டுத் தோலுரிந்த, கறுத்த விரல்கள். அவள் ஊற்றினாள். ஒரு கை விலக, அடுத்த கை வந்தது. மறுபடி கயிற்றை விட்டாள்.