இடது கை இரண்டு அங்குலம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளைக் காலை எனக்குக் காப்பி கிடைக்காமல் போகட்டும். எழுபத்தாறு வயதுக்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

2004-இல் திருப்பூரில் கைடு என்று இருந்தவன் நான் ஒருவன்தான். மதுரையில் முப்பது வருஷம் வெள்ளைக்காரர்களுக்குக் கோயில் காட்டிவிட்டு, மகள் விஜயராணி பனியன் கம்பெனி வேலைக்கு வந்ததால் கூடவே திருப்பூர் மண்ணரைக்கு வந்து சேர்ந்தேன். திருப்பூருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் பனியனைப் பார்ப்பார்கள், ஏர்போர்ட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே எனக்குப் போட்டியும் இல்லை, தொழிலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை எக்ஸ்போர்ட் முதலாளி லிங்கசாமி என்னைத் தேடி வந்தார். சரக்கு எடுக்கும் டென்மார்க்காரர் ஹென்ரிக் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டாராம். ஞாயிறு முழுக்க ஊர் பார்க்க வேண்டுமாம். திங்கள் காலை பெட்டியைப் பிரிப்பாராம். பெட்டியில் இருந்த டீ-சர்ட் அத்தனைக்கும் இடது கை இரண்டு அங்குலம் குட்டை. கட்டிங் மாஸ்டர் ஜெபக்குமார் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே வெட்டியிருந்தார். இந்தியா தோற்ற மேட்ச்.

"லாட்டு ரிஜெக்ட்டு ஆச்சுன்னா கம்பெனியப் பூட்டிப்போட்டு மறுக்கா மாடு மேய்க்கப் போகோணுமுங்க," என்றார் லிங்கசாமி. "இப்ப மாடும் என்னைய மதிக்கறதில்லீங்க."

அன்று சாயங்காலம் சம்பளம். சம்பளத்தோடு ஆளுக்கு இரண்டு டீ-சர்ட் அந்த லாட்டிலிருந்தே கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வெள்ளைக்காரர்கள் ஒரு சங்கதியை ஒரு தடவை பார்த்தால் தப்பு என்பார்கள், மூன்று தடவை பார்த்தால் கலாச்சாரம் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மதுரையில் நான் கற்ற வித்தை அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அம்பாசிடரில் கிளம்பினோம். முதலில் டீக்கடை. டீ மாஸ்டர் நல்லான் போட்டிருந்தது, கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் கொடுத்த டீ-சர்ட். ஹென்ரிக்கின் கண் நேராக அந்த இடது கைக்குப் போனது. டீ ஆற்றும்போது மேலே போகிற கைக்குத் துணி இடைஞ்சல், அதனால் எங்கள் பக்கம் அப்படித்தான் வெட்டுவது வழக்கம் என்றேன். அடுத்து மினி பஸ் கண்டக்டர். அவர் கை எப்போதும் பஸ்ஸுக்கு வெளியே. அப்புறம் குழாயடியில் சேலைக்கு மேல் டீ-சர்ட் போட்ட பெண்கள். இடது இடுப்பில் குடம். நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஹென்ரிக்கே விளக்கத்தை எழுத ஆரம்பித்துவிட்டார்.

வெண்ணெய் வாங்க ஊத்துக்குளிப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தச் சொன்னார். சோளக்காட்டு நடுவில் ஒரு பொம்மை. அதற்கும் எவனோ மாட்டிவிட்டிருக்கிறான். வரப்பேறிப் போய் டேப்பை எடுத்து அளந்தார். சரியாக இரண்டு அங்குலம். எவ்வளவு காலமாக இந்த வழக்கம் என்று தழுதழுத்த குரலில் கேட்டார். சேரர் காலத்திலிருந்து என்றேன். கழுத்தில் கம்பெனி லேபிள் தெரிந்ததால், துணியை மட்டும் அவ்வப்போது மாற்றுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மண்ணரையில்தான் சோதனை. எங்கள் தெரு ராஜ்கமல் இரண்டு கையும் சமமான டீ-சர்ட்டில் நின்றான். அவன் மனைவி அனுசுயா கெட்டிக்கார டெய்லர். வலது கையையும் குறைத்துத் தைத்திருந்தாள். இவர் மட்டும் ஏன் இப்படி என்றார் ஹென்ரிக். வீட்டில் சாவு விழுந்தால் நாங்கள் கையைச் சமமாக்கிவிடுவோம் என்றேன்.

ஹென்ரிக் இறங்கிப் போய் ராஜ்கமலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"என்ன தாத்தா, இவரு வீட்ல எதுவும் துட்டியா?" என்றான் ராஜ்கமல்.

"ஆமாப்பா. நீயும் கொஞ்சம் மூஞ்சியத் தொங்கப்போடு."

துக்கத்தில் இருப்பவருக்குக் கலர் சோடா கொடுக்கலாமா கூடாதா என்று அனுசுயா பாட்டிலும் கையுமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை ஹென்ரிக் முதல் பெட்டியைப் பிரித்தார். இரண்டு கையும் சமம். என்னை நம்பாத லிங்கசாமி, ஞாயிறு முழுக்க டெய்லர்களை உட்கார வைத்து மேல் பெட்டிகளில் மட்டும் வலது கையைக் குறைத்திருந்தார். ஹென்ரிக்கின் முகம் வாடிவிட்டது. என் காதோரம் வந்து ஒரு கேள்வி கேட்டார். லிங்கசாமியிடம் சொன்னேன்.

"கம்பெனில யாரு செத்ததுன்னு கேக்குறாரு மொதலாளி."

"இன்னமும் யாரும் சாவுலீங்க. அடுத்தது நாந்தானுங்க."

அடிப்பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். குட்டைக் கை வந்தது. ஹென்ரிக் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். லாட் பாஸ். அதைப்போல் இரண்டு மடங்குக்குப் புது ஆர்டரும் கொடுத்தார். ஒரே நிபந்தனை: இரண்டு அங்குலத்தில் ஒரு நூல் பிசகினாலும் ரிஜெக்ட். ஜெபக்குமார் எவ்வளவோ முயன்றும் அந்தத் தப்பு மறுபடி கைக்கு வரவில்லை. இந்தியா தோற்கிற மேட்ச்சுக்காகக் கம்பெனியே காத்திருந்தது. நல்லவேளை, அதிக நாள் காக்க வேண்டியிருக்கவில்லை.

லிங்கசாமியின் கம்பெனி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே தைப்பது ஜட்டி மட்டும்தான்.