கெட்டித் தேநீர்

"தாடைய இறக்குங்க பாபா. இறக்கினாத்தான் ஸ்பூன் வரும்."

ரௌதா அப்பா ஹெதியின் முதுகுக்குத் தலையணைகளை அண்டைகொடுத்து நிமிர்த்தியிருந்தாள். மாவு கலந்த தேநீர் கரண்டியிலிருந்து தேன்போல மெதுவாக இறங்கியது. ஹெதி வாயைத் திறக்கவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குத் தண்ணீராக எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடுகிறது. இரண்டு மாதமாக எல்லாமே கூழ்தான். இன்று காலை மூச்சு குமிழிவிட ஆரம்பித்தது. வந்து பார்த்த டாக்டர், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"தேத்தண்ணியக் கஞ்சியாக்கத்தான் காலேஜுக்குப் போனியா?" என்றாள் அத்தை மன்னூபியா, தன் கிளாஸை உறிஞ்சியபடி. "டாக்சிக்குள்ளயே கெட்டில் வச்சிருந்தவன் என் தம்பி."

"இந்த வீட்டுல படிச்சவ நான் ஒருத்திதான். சொன்னாக் கேளுங்க."

"கேட்டுக் கேட்டுத்தான் அவன் தாகத்தோட கெடக்கான்."

 ரௌதா கெட்டித் தேநீர் கிளாஸை ஜன்னலோரம் ணங்கென்று வைத்தாள்.

மதியம் மூச்சுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அத்தை, ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் புனிதநீர் பாட்டிலைத் திறந்தாள். போகிறவர் வாய் நனையாமல் போகக்கூடாது. அந்த ஊரில் அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பாட்டில் சாய்ந்தபோது ரௌதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊத்தாதீங்க. மூச்சு முட்டிப் போகணுமா அவரு?"

"பின்ன, வாய் காஞ்சு போகணுமா?"

இருவரும் விடவில்லை. கடைசியில் ரௌதாதான் பஞ்சை எடுத்தாள். ஸம்ஸமில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, உதட்டைத் துடைத்தாள். அத்தை காதோரம் குனிந்து கலிமா சொன்னாள். அடுத்த பஞ்சை ரௌதா அத்தையின் கிளாஸில் முக்கினாள். மாவு போடாத, வெறும் தேநீர். அதையும் பிழிந்துவிட்டுத்தான் வைத்தாள்.

ஹெதியின் நாக்கு வெளியே வந்து தேடியது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் லேசாக விரிந்தது.

"பாத்தியா," என்றாள் அத்தை, மிகத் தணிந்த குரலில்.

மூன்றாவது பஞ்சை நாக்கு தேடவில்லை.

வெயில் சாயுமுன் ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாளைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த குஸ்குஸ் சாப்பாடு மூடியபடியே இருந்தது.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க அத்த."

"தொண்டையில எறங்காதுடி."

ஜன்னலோரத்தில் காலையில் வைத்த கிளாஸ் அப்படியே இருந்தது. ரௌதா அதை எடுத்துக் கிளறினாள். கெட்டி குறையவில்லை.

"நிமிந்து உக்காருங்க."

மன்னூபியா சுவரோடு நிமிர்ந்தாள். யாரும் சொல்லாமலே தாடையை இறக்கினாள். ரௌதா ஒரு கரண்டி கொடுத்தாள். அது இறங்கும்வரை அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.