இறக்கத்துக்கு ஏற்ற கியர்

மலைக் குவாரியிலிருந்து கல் இறக்கும் அந்த பிக்கப் வண்டியின் இன்ஜின் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. அத்தனை வருஷம் உழைத்தது, ஒரு முனகல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பாடிக்கு ஒன்றும் இல்லை. அச்சும் சக்கரமும் திடமாக இருந்தன. வேறு இன்ஜின் பார்த்து மாட்டிவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் பேசி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனார்கள்.

வண்டி இரண்டு பேருக்கும் பொது, ஆனால் ஸ்டியரிங் அண்ணனுக்கு மட்டும்தான். தம்பியிடமும் லைசென்ஸ் இருந்தது. அது சட்டைப் பையிலேயே கிடந்து நைந்துகொண்டிருந்தது. ஏற்றுவதும் இறக்குவதும் அவன் பாடு. எவ்வளவு குறுகலான சந்தானாலும் பின்பக்கமாகவே வண்டியைச் செருகிவிடுவார் என்பதால் அண்ணனுக்குக் குவாரியில் ரிவர்ஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த ரிவர்ஸின் இடது முழங்காலில்தான் போன மழைக்காலத்தில் கல் பலகை சரிந்து விழுந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. க்ளட்சை மிதிக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் கியர் மாற்றும்போது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பக்கத்து சீட்டிலிருந்த தம்பி பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

மெக்கானிக்கிடம் இரண்டு ஜோடி தயாராக இருந்தன. ஒன்று பெரிய டீசல் இன்ஜினும் கையால் மாற்றும் கியர்பாக்ஸும். முதல் கியர் நல்ல பிடிப்பு, ஆனால் க்ளட்ச் கல்லு மாதிரி இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்னொன்று அதைவிடச் சின்ன பெட்ரோல் இன்ஜின், தானாகவே மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கியர். அதில் க்ளட்சே கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை.

தம்பி முந்திக்கொண்டான். "ஆட்டோமேட்டிக்கே போட்டுடுங்க. அண்ணனுக்கு அதுதான் வசதி."

"எனக்கு என்னடா தனியா வசதி? நான் என்ன நொண்டியா?"

அடித்துக்கொள்ளாதீர்கள், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று, அதே மாதிரி பெட்ரோல் இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் மாட்டியிருந்த தன் பிக்கப் வண்டியை மெக்கானிக் கொடுத்தார். இன்ஜின் எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மலை ஏற்றிப் பார்ப்பார்கள். மூச்சு வாங்காமல் ஏறினால் இன்ஜின் நல்ல இன்ஜின். ரிவர்ஸும் ஏற்றினார். வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. அவர் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டார். பல மாதமாக இறுகிக் கிடந்த முகம் இளகியது.

"ஒரு காலுக்கு லீவு குடுத்தாச்சுடா. இன்னும் பத்து வருஷத்துக்கு உன்னை இந்த சீட்டுப் பக்கம் விடமாட்டேன்."

"விடாத. எனக்கும் தூக்கம் கெடாது" என்றான் தம்பி.

திரும்பும்போது சரிவு அதிகமில்லாத நீண்ட சுற்றுவழியாக வந்து, அதையே மாட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ரிவர்ஸின் மனைவி அதே குவாரியில் கல் உடைத்தவள். சாப்பாடு போட்டுக்கொண்டே, வண்டி எப்படி என்று கேட்டாள். ஏறின அழகை அவர் விஸ்தாரமாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏறும்போது நம்ம வண்டியில என்ன இருக்கும்?" என்றாள்.

"என்ன இருக்கும்? காலிதான். மேல போய்த்தானே கல்லு ஏத்துறது."

"அப்ப இறக்கிப் பாத்தீங்களா?"

எடுத்த கவளம் கையிலேயே நின்றது. வாழ்நாளெல்லாம் லோடை இறக்கியே பிழைத்தவர், ஊரோடு சேர்ந்து ஏற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

காலையில் மெக்கானிக்கிடம் மாட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வண்டியைக் கேட்டு வாங்கி, குவாரியில் பாதி லோடு மட்டும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையிலேயே இறங்கினார்கள். மெதுவாக இறங்குவதற்கென்று இருந்த குறியில்தான் கியரைத் தள்ளியிருந்தார். இன்ஜின் உறுமியதே தவிர வண்டியைப் பிடிக்கவில்லை. கல் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் வளைவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்விட்டது.

ரிவர்ஸ் கை பிரேக்கை இழுத்து, மலைச்சுவர் ஓரமாகக் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியலில் வண்டியின் மூக்கைச் சொருகினார். மறுபக்கம் பள்ளம்.

பிறகு தம்பி, இது மெக்கானிக்கோட பழைய வண்டி, பிரேக்கும் பழசாக இருக்கும், புதுசு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

"இது பாதி லோடுடா" என்றார் ரிவர்ஸ்.

கல்லை அங்கேயே இறக்கிவிட்டு, பிரேக் ஆறியதும் மெல்ல ஷெட்டுக்கு வந்து டீசலை மாட்டச் சொன்னார். மெக்கானிக் அவர் காலைப் பார்த்துவிட்டு, "க்ளட்சை யாரு மிதிக்கிறது?" என்று தயங்கிக் கேட்டார்.

"இவன்."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த சீட்டில் தான் உட்கார மாட்டேன், அண்ணனை இறக்கிவிட்டுத்தான் பிழைக்க வேண்டுமென்றால் வண்டியே வேண்டாம், விற்றுவிடலாம் என்றான். ரிவர்ஸ் அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இத்தனை வருஷம் என் காலை நம்பித்தான் பக்கத்துல உக்காந்து வந்த. எனக்கே அந்தக் கால் மேல நம்பிக்கை போயிடுச்சு. நீ எதை நம்பி வருவ?"

தம்பி கிரீஸ் படிந்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டீசல் மாட்டின பிறகு முதல் முழு லோடு. மலை உச்சியில் தம்பி வண்டியை நிறுத்தி அண்ணன் முகத்தைப் பார்த்தான். முதல் கியரில் போட்டு விடு, நடுவில் மாற்றாதே, பிரேக்கை அளவாகத் தொடு என்று மட்டும் அவர் சொன்னார். வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, நடக்கிற ஆளின் வேகத்தில் இறங்கியது. கல் தள்ளியது, கியர் விடவில்லை. ரிவர்ஸுக்குத்தான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்தார், பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கீழே வீடு கட்டுகிற இடத்தில் எப்போதும் அவரிடமே பேசிப் பழகிய மேஸ்திரி நேராக அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். கிழக்குப் பக்கம் குழி தோண்டியிருக்கிறது, வண்டி ரிவர்ஸில் உள்ளே வருமா, இல்லை ரோட்டிலேயே கொட்டுகிறீர்களா என்று கேட்டார்.

தம்பியும் அண்ணன் வாயைத்தான் பார்த்தான்.

"டிரைவர் அவன்தான், அவனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் கதவைப் பிடித்து மெல்ல இறங்கி, பின்பலகையின் கொக்கியைக் கழற்றப் போனார்.