வலது இருக்கைக்காரி

விமானப்படையில் அவளுக்குக் கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம். பதினேழு வருஷம் ஒற்றை ஆள் போர் விமானம் ஓட்டியவள். ரேடியோவில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் பதில் வராது. பக்கத்து இருக்கையே இல்லாத விமானத்தில் யாரிடம் பேசுவதாம்?

கடைசியில் அந்த வாய்தான் அவளைக் கவிழ்த்தது.

படையிலிருந்து விலகி, முப்பத்தொன்பது வயதில், பயணிகள் விமானக் கம்பெனி ஒன்றில் கோ-பைலட் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டாள். பாக்கி இருந்தது சிமுலேட்டர். கிடங்கு மாதிரி ஒரு கட்டடத்துக்குள், ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே நுழைந்தால் அசல் காக்பிட். ஜன்னலில் தெரியும் வானமும் ஓடுதளமும் பொய்; மற்றதெல்லாம் நிஜம்.

கிளம்பிய இரண்டாம் நிமிடம் வலது எஞ்சினில் தீ என்று மணி அடித்தது. கோட்டானின் கை பறந்தது. எஞ்சின் லிவரை இழுத்தாள், எரிபொருள் சுவிட்சை நிறுத்தினாள், தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட்டாள். பதினொரு நொடி. இடது இருக்கைக் கேப்டன் வாயைத் திறப்பதற்குள் தீ அணைந்து, விமானம் கோடு போட்டாற்போல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கே உள்ளுக்குள் ஒரு கர்வம்.

பின்னால் உட்கார்ந்து தேர்வு நடத்திய தலைமைக் கேப்டன் விளக்கைப் போட்டார்.

“எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. ஆனா ஒண்ணு கூட இவர்கிட்ட கேக்கலையே.”

“கேக்க நேரம் இல்ல சார்.”

“இருந்துச்சு. இங்க எஞ்சினை நிறுத்தணும்னா ஒருத்தர் சுவிட்ச் மேல கை வெக்கணும். இன்னொருத்தர் பாத்து, அதுதான்னு வாயால சொல்லணும். அப்புறம்தான் நிறுத்தலாம். தப்பான எஞ்சினை நிறுத்திட்டா ரெண்டும் போச்சு. உங்க கையை யாராவது பாக்கணும்.”

காகிதத்தில் ‘தேறவில்லை’ என்று எழுதினார். கம்பெனி விதிப்படி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதையும் விட்டால் இந்தக் கதவு மூடியது மூடியதுதான். மற்ற கம்பெனிக்காரர்களும் எங்கே தவறினாய் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தலைமைக் கேப்டன் கெட்டவர் அல்ல. வெளியே அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பாதுகாப்புப் பிரிவில் ஒரு மேஜை வேலை காலியாக இருப்பதாகப் பக்குவமாகச் சொன்னார். நல்ல பதவி, தனி அறை. படையிலிருந்து வருகிறவர்கள் நிறைய பேர் அதை எடுத்துக்கொள்கிறார்களாம்.

“மேஜைக்கு இறக்கை இருக்கா சார்?” என்று கேட்டாள் கோட்டான்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாய்ப்புக்குத் தேதி கேட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை கிடைத்தது.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வங்கி மேலாளர். ஊரில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது தம் பொறுப்பு என்று நினைப்பவர்.

“அவங்களா கூப்பிட்டு நாற்காலி போட்டுத் தர்றாங்க, உக்கார வேண்டியதுதானே? இருபத்தெட்டு வயசுப் பையன் அங்க கேப்டனா இருப்பான். அவன் பக்கத்துல போய் நீ கை கட்டிக்கிட்டு இருப்பியா? படையில உனக்கு எத்தனை பேர் சல்யூட் அடிச்சாங்க.”

“சல்யூட்டுக்காக நான் பறக்கல அண்ணா. அந்தப் பையன் கேப்டன்னா அவனுக்கு வேலை தெரிஞ்சிருக்கும். பக்கத்துல உக்காந்து கத்துக்கறேன்.”

“ரெண்டாவது தடவையும் போச்சுன்னா?”

“போனா போகட்டும். நானா எறங்க மாட்டேன்.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார். தரையில் நிற்பவர்களுக்கு, பறக்கிறவளை இறக்கி உட்கார வைப்பதில் அப்படி என்ன அவசரமோ. கேட்டால் அக்கறை என்பார்கள். அக்கறைதான், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் அவளுக்கு இரண்டு மடங்கு எரிச்சல் வந்தது.

மறுநாளே காக்பிட் படம் அச்சிட்ட பெரிய தாள்களைப் படுக்கையறை அலமாரிக் கதவுகளில் ஒட்டினாள். அதற்கு முன்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளைப் போட்டாள். வலதில் அவள், இடதில் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கும் மனுஷர். விமானத்தில் ஏறினால் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டுத் தூங்குகிற ரகம். கேப்டன் பதவி கிடைத்ததும் ஆளே மாறிப்போனார்.

“வலது எஞ்சின்ல தீ,” என்று முணுமுணுத்தாள் கோட்டான்.

“கேக்கல.”

“வலது எஞ்சின்ல தீ.”

“எதிர்வீட்டுக்குக் கேட்டாத்தான் எனக்குக் கேக்கும். நான் கேப்டன்.”

முதல் நான்கு நாள் தோல்விதான். அவர் ‘ம்’ என்று சொல்வதற்குள் அவள் விரல் காகித சுவிட்சை நிறுத்தியிருக்கும். ஐந்தாம் நாள் அவர் அவள் கையைப் பிடித்து அப்படியே அவள் மடியில் வைத்தார்.

“கடையில நான் மருந்து எடுத்தா, பில் போடற அம்மா பேரைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய விடுவாங்க. பன்னண்டு வருஷமா. ஒரு நாள் ரெண்டு டப்பா ஒரே கலர்ல இருந்துச்சு. அந்த அம்மா மட்டும் இல்லன்னா ஒரு கிழவர் போய்ச் சேர்ந்திருப்பார். அன்னிக்கு எனக்குக் கோவம் வந்துச்சு தெரியுமா? அந்த அம்மா மேல.”

கோட்டானுக்கு அவமானமாக இருந்தது. கூடவே பயமும் இருந்தது. யாரையும் கேட்காமல் கை வைத்ததால்தான் பதினேழு வருஷம் உயிரோடு திரும்பி வந்திருக்கிறாள். அதை விட்டுவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் பயம் வந்தால் பின்வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் சத்தமாகச் சொன்னாள். “அடுப்பை அணைக்கறேன், உறுதியா?” என்பாள் சமையலறையிலிருந்து. “உறுதி, அணை,” என்று குளியலறையிலிருந்து குரல் வரும். மூன்று வாரத்தில் அவள் பேசியது, கல்யாணமான பத்து வருஷத்தில் பேசியதைவிட அதிகம் என்று கணவர் கடையில் சொல்லிச் சிரித்தாராம்.

புதன்கிழமை காலை சிமுலேட்டரில் ஏறினால், இடது இருக்கையில் தலைமைக் கேப்டனே இருந்தார். வழக்கமான கேப்டனுக்குக் காய்ச்சல். பின்னால் கருவிகளை இயக்க டெக்னீஷியன் அம்மாள் ஒருவர். பக்கத்தில் இருந்துகொண்டே மதிப்பெண்ணும் போடுவதாகத் தலைமைக் கேப்டன் சொன்னார். அதிகாலை விமானத்தில்தான் வந்து இறங்கியிருந்தார், கண் சிவந்திருந்தது.

கிளம்பினார்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் மணி அடித்தது.

“இடது எஞ்சின்ல தீ,” என்றாள் கோட்டான், எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. “விமானம் என் கையில இருக்கு. லிவரை இழுக்கறேன், இடது. உறுதியா?”

“உறுதி.”

இழுத்தாள். அடுத்தது எரிபொருள் சுவிட்ச், அது அப்போது விமானத்தை ஓட்டாதவர் வேலை, அவருடையது. அவர் கையை நீட்டி, “இடது எஞ்சின் சுவிட்ச். உறுதியா?” என்றார்.

வாய் இடது என்றது. கை வலது சுவிட்சின் மேல் இருந்தது.

முதல் தேர்வுக்கு எப்போதும் வலது எஞ்சின்தான். இரண்டாம் தேர்வுக்கு மட்டும் இடது. அது வருஷத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். முன்பு இதே இருக்கையில் வருஷக்கணக்கில் வலது எஞ்சினையே அணைத்த கை, அன்றும் பழகிய வழியிலேயே போய்விட்டது.

“இல்ல,” என்றாள் கோட்டான். “அது நல்லா ஓடற எஞ்சின். கையை எடுங்க சார்.”

அவர் எடுக்கவில்லை. காதில் விழாதது மாதிரி விரல் சுவிட்சை இறுக்கியது. அவள் இடது கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினாள்.

“எடுங்க. இடது இதுக்குப் பக்கத்துல இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல் விரல்களை இழுத்துக்கொண்டார். “ஐயோ,” என்று மெல்லிய குரலில் சொன்னதை அவள் கேட்டாள். பிறகு சரியான சுவிட்சைத் தொட்டார், அவள் பார்த்து, உறுதி என்றாள், நிறுத்தினார். ஒற்றை எஞ்சினில் திருப்பி இறக்கினாள். சக்கரம் ஓடுதளத்தின் நடுக்கோட்டிலேயே நின்றது.

பக்கத்து அறையில் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் படிவத்தை நிரப்பி அவள் பக்கம் தள்ளினார். ‘தேர்ச்சி’ கட்டத்தில் டிக் இருந்தது. வேலை இதோ இருக்கிறது, ஒரு கையெழுத்து தூரத்தில். கீழே குறிப்பைப் படித்தாள். ‘தேர்வாளர் வேண்டுமென்றே தவறான சுவிட்சில் கை வைத்துச் சோதித்தார். விண்ணப்பதாரர் கண்டுபிடித்தார்.’

பேனாவைக் கீழே வைத்தாள்.

“இது சோதனை இல்ல சார்.”

“சோதனைதான்மா. கையெழுத்துப் போடுங்க.”

“உங்க கை தப்பாப் போச்சு. நான் நிறுத்தினேன். அதை எழுதுங்க.”

“இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? பாஸ் போட்டாச்சு.”

“போன தடவை என் கையை யாராவது பாக்கணும்னு சொன்னீங்க. அது புரிய எனக்கு மூணு வாரம் ஆச்சு, ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இப்ப உங்க கையைப் பாத்தது மட்டும் விளையாட்டுன்னு எழுதறீங்க. நாளைக்கு இங்க வர்றவன் இதைப் படிச்சா, கேப்டன் கை தப்பாப் போனா சோதிக்கறார் போலன்னு சும்மா உக்காந்திருப்பான். பின்னாடி நூத்தெண்பது பேர் இருப்பாங்க.”

தலைமைக் கேப்டன் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். டிக் போட்ட கட்டமும் சேர்ந்து கிழிந்தது. போச்சு என்றுதான் அவளும் நினைத்தாள். அண்ணன் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். நிதானமாக எழுதினார். ‘தேர்வாளரின் கை தவறான சுவிட்சுக்குச் சென்றது. அவர் அதை உணரவில்லை. வலது இருக்கை இரண்டு முறை சொல்லியும் கையால் தடுத்தும் சரிசெய்தது.’ அடியில் தம் பெயரை எழுதி, தேதியும் போட்டார். இந்தக் கம்பெனியில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வரியை அவர் எழுதியதே இல்லை.

“இப்ப திருப்தியா?” என்றார். குரலில் கோபம் இன்னும் போகவில்லை.

கோட்டான் படிவத்தை ஒரு முறை முழுசாகப் படித்தாள். பிறகு அதைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, விரலால் காட்டினாள்.

“தேர்ச்சிக் கட்டம் காலியா இருக்கு சார்.”

அவர் அவளைப் பார்த்தார். பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தார், அழுத்தவில்லை.

“தேர்ச்சி,” என்று வாய்விட்டுச் சொல்லி நிறுத்தினார். “உறுதியா?”

“உறுதி,” என்றாள் அவள். “போடுங்க.”